நோகாலிக் கால்

ஆரையம்பதி
08.07.2025

அன்பு மகள் யசோதினிக்கு,

சொதி விசயத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த பின்னேரம், பக்கத்து வீட்டார் சமைத்துக் கொண்டுவந்த சோற்றை எல்லாருக்கும் போட்டார்கள். நான் இரண்டாம் முறையும் வாங்கினேன். அதோடு நின்றிருக்கலாம். "சொதி இன்னும் ஒரு அகப்பை விடு புள்ள, தேசிக்காய்ப் புளி நல்லாப் பிடிச்சிருக்கு" என்று சத்தமாகக் கேட்டும் போட்டேன். அந்த நேரம் உன் சித்தியின் கையில் போன் இருந்ததும், அதற்குள் நீ ஜோர்தானிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மெதுவாகக் கேட்டிருப்பேன்.

நீ போனை வைத்துவிட்டாய். பிறகு எடுக்கவுமில்லை. "கோல் எடுக்காதீங்க அப்பா. உங்கட பகிடிய இப்ப என்னால கேக்க ஏலா. சொல்லுறதுக்கு ஏதும் இருந்தா எழுதி அனுப்புங்க" என்று உன் குரல் மட்டும் வந்தது. எட்டாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவனுக்கு இது பெரிய தண்டனை. எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முதல் படத்தில் விழுந்திருப்பது என் பெருவிரல். அதையும் அனுப்பிவிட்டேன், குறை நினைக்காதே.

செய்யவேண்டியதெல்லாம் முறைப்படி நடந்தது. உயிர் போன அன்றே தச்சன் சதீசன் வந்து மரத்தை வெளியே எடுத்தான். வீட்டிலிருந்த நோகாலிச் சாமான் எல்லாவற்றையும் எடுத்துத் தன் வளவில் அடுக்கி வைத்திருக்கிறான். அம்மா படுத்திருந்த பலகை, அவள் அடுப்படியில் போட்டுக்கொள்ளும் கட்டை, எனக்குப் பல் குத்தினால் கடிக்கிற குச்சி, எல்லாம் போயிற்று. உடம்பில் பட்டுக்கொண்டிருக்கும்வரை நோவு தெரியவிடாத மரம், செத்த வீட்டில் இருக்கக்கூடாதுதானே. நோவு தெரியாத வீட்டை விட்டுப் போக வழி தெரியாமல் செத்தவர் படலையடியிலேயே நிற்பாராம். முப்பத்தோராம் நாள் படையல் முடிந்தபிறகுதான் மரம் திரும்பி வரும்.

பலகையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கச் சதீசன் பட்ட பாட்டை நீ பார்த்திருக்கவேண்டும். உன் அம்மா போட்ட முடிச்சு. அவள் முடிந்ததை அவிழ்க்க அவளேதான் வரவேண்டும் என்று ஊருக்கே தெரியும். கடைசியில் கத்தியால் வெட்டினான். பிறகு, "அண்ணே, காலக் கொஞ்சம் ஒதுக்குங்க" என்றான். நான் கதிரையில் இருந்தபடியே காலை ஒதுக்கிக் கொடுத்தேன். பலகையை வெளியே கொண்டுபோனார்கள்.

நான் சாப்பிடுகிறேன். நித்திரையும் கொள்கிறேன். யோசிக்காதே.

அப்பா

---

ஜோர்தான்
11.07.2025

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெருவிரலும் கிடைத்தது.

இன்று வெள்ளி, எங்களுக்கு லீவு. அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம். பக்கத்துக் கட்டிலில் ஒரு நேபாளப் பெண் இருக்கிறாள். அம்மா செத்து ஒரு கிழமையாகிறது, நீ ஏன் அழவில்லை என்று கேட்டாள். வேலை கூட என்று சொன்னேன். அது பொய்யில்லை. நாள் முழுக்கக் கொலர் தைக்கிறேன். ஒரு கொலர் பிந்தினால் எனக்குப் பின்னால் இருக்கிற முழு வரிசையும் நிற்கும். துணியில் ஒரு பொட்டுத் தண்ணீர் பட்டாலும் அந்தச் சட்டையைக் கழித்துப் போடுவார்கள். அழ வருகிறதா என்று இரவில் படுத்துக்கொண்டு பார்த்தேன். வரவில்லை.

அதனால்தான் உங்களை நம்பியிருந்தேன். லீவு தரவில்லை, நான் வர முடியவில்லை. வீட்டில் அப்பா இருக்கிறார், அம்மாவுக்காக அவர் அழுவார், அது போதும் என்று நினைத்துக்கொண்டு அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சொதி கேட்டீர்கள்.

யசோ

---

ஆரையம்பதி
15.07.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அழ முயற்சி செய்தேன். சிரிக்காதே. வெங்காயம் உரித்தேன்; கண் எரியக்கூட இல்லை. அம்மாவின் சீலைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தேன். மடிப்பு நன்றாக வந்தது, அவ்வளவுதான். வாவிக்கரைக்குப் போய் அவள் வழக்கமாக மீன் வாங்குகிற இடத்தில் நின்றேன். மீன்காரன் விலை சொன்னான். செத்த வீட்டுத் துடக்கு என்பதையும் மறந்து வாங்கிக்கொண்டு வந்தேன். கிணற்றில் வாளியை விட்டால் தண்ணீர் தட்டுப்படாமல் கயிறு போய்க்கொண்டே இருக்குமே, அப்படிக் கிடக்கிறது உள்ளுக்குள்.

காத்தான்குடியிலிருந்து சரீப் காக்கா வந்திருந்தார். படலையைத் திறக்கும்போதே அழத் தொடங்கியவர் தேத்தண்ணி ஆறும்வரை நிறுத்தவில்லை. "தங்கராசா, நீ அழமாட்டாய் போல கிடக்கு. உன்ர பங்கையும் நான் அழுதிட்டுப் போறன்" என்றார். அப்படியான மனிசன் நோகாலி விற்கிற மரக்கடை வைத்திருப்பதுதான் வேடிக்கை.

அவர் வியாபாரம் நன்றாகப் போகிறது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுகிற வாட்டுக்குக் கட்டில் பலகை கேட்டிருக்கிறார்களாம். பள்ளிக்கூட லீவு தொடங்கினால் சுன்னத்து முக்காலிக்கு ஓய்வே இல்லை, ஒரு வீட்டில் இருந்து மறுவீட்டுக்கு ஓட்டோவில் போய்க்கொண்டே இருக்கிறதாம். தீமிதிப்புக் காலத்தில் மட்டும் எங்கள் ஆட்களுக்கு ஒரு சிராய்கூட விற்கமாட்டார். போன வருசம் வெளியூர்க்காரன் ஒருவன் இடுப்பில் நோகாலித் துண்டைச் செருகிக்கொண்டு மிதிக்க வந்து பிடிபட்டானே. தீக்குழியின் நடுவில் நின்று வேட்டியைச் சரிசெய்தால் பிடிபடாமல் என்ன செய்வது?

கொழும்பு பஸ்காரர் ஒருவரும் கேட்டாராம். இரவுப் பயணம், சனத்துக்கு முதுகு நோகிறது, சீற்றுக்கெல்லாம் நோகாலி போட்டால் என்ன என்று. போட்டார்கள். விடியக் கொழும்பில் ஒருவரும் எழும்பவில்லை. எழும்புவதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. பஸ்ஸைத் திரும்பவும் மட்டக்களப்புக்கே கொண்டுவந்தார்களாம்.

படுவான்கரைக் காட்டில் நோகாலி தறிக்கப் போன ஒருவர் வீட்டுக்கு வந்து சோற்றுக்குக் கை கழுவும்போதுதான் ஒரு விரல் குறைவதைக் கண்டாராம். அதையும் காக்கா சொன்னார். அதற்கு மட்டும் நாங்கள் சிரிக்கவில்லை.

அம்மாவின் கட்டிலில் இப்போது பலகை இல்லை. நான் அதற்குப் பக்கத்தில் நிலத்தில் பாய் போட்டுப் படுக்கிறேன்.

அப்பா

---

ஜோர்தான்
18.07.2025

அப்பாவுக்கு,

பஸ் கதையை அறையில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் போய் உடுப்புத் தோய்த்தேன்.

ஒன்று கேட்கிறேன், பகிடி விடாமல் பதில் எழுதுங்கள். அம்மா கடைசியாக என்ன சொன்னா? சித்தியிடம் கேட்டால் அப்பாவைக் கேள் என்கிறா. அம்மாவோடு இருந்தது நீங்கள். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்தொன்று நெருங்குகிறது. நீங்கள் இப்படியே இருந்தால் அம்மா படலையடியில்தான் நிற்பா. நீங்கள் வெளியே போகும்போதும் வரும்போதும் அவவைக் கடந்துதான் போய்வருகிறீர்கள்.

யசோ

---

ஆரையம்பதி
22.07.2025

அன்பு மகளுக்கு,

கேட்டதற்குப் பதில். அன்று காலையும் என் காலை அம்மாதான் கட்டிவிட்டாள். ஆறு வருசமாக அது அவள் வேலை. சீனி வியாதியில் என் காலை எடுத்து, இந்தக் கட்டைக்கால் வந்த நாளிலிருந்து, காலையில் அவள் கட்டுவாள், இரவில் அவிழ்த்து ஆணியில் தொங்கவிடுவாள். படுக்கையில் விழுந்த பிறகும் விடவில்லை. நான் கட்டிலோரம் போய் இருப்பேன், அவள் படுத்தபடியே கையை நீட்டிக் கட்டுவாள். அன்றும் அப்படித்தான். நாடாவை முடிந்துவிட்டு, "இறுக்கமா இருக்கா?" என்றாள். "இல்ல" என்றேன். "நோகுதா?" என்றாள். "கட்டை எப்பிடி மங்கை நோகும்?" என்றேன். "நோகுதெண்டா நோகுதெண்டு சொல்லுங்களன். வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?" என்றாள். அதுதான் கடைசி. மத்தியானம் மூச்சு மட்டும் இருந்தது. பின்னேரம் அதுவும் இல்லை.

இனி மற்ற விசயம். நேற்றுச் சதீசன் வந்தான். நான் குசினிக்கும் முன்வாசலுக்கும் நாலுதரம் நடந்து தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவன் குடிக்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கோழி அறுத்தீங்களா?"

"இது துடக்கு வீடுடாப்பா. ஆர் கோழி அறுக்கிறது?"

"அப்ப இது ஆர்ர ரெத்தம்?"

குசினியிலிருந்து வாசல்வரை பொட்டுப் பொட்டாக இருந்தது. நான் நடந்த வழியெல்லாம். சாரனைத் தூக்கிப் பார்த்தோம். முழங்காலுக்குக் கீழே கட்டைக்குள் இறங்குகிற இடம் உரஞ்சிப் புண்ணாகி வழிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சதீசன் என் காலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், திரும்பவும் காலைப் பார்த்தான்.

"அண்ணே, இந்தக் கால் என்ன மரம்?"

அவனே செதுக்கிய கால், மகள். சரீப் காக்காவின் மரக்கடையில் அவனே தெரிந்தெடுத்த நோகாலி. அன்று வீட்டைச் சுற்றி வந்து பல் குச்சிவரை எடுத்தவன், என்னைக் காலை ஒதுக்கச் சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். நானும் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். சித்திக்கும் நினைவில்லை, வந்துபோன இவ்வளவு சனத்துக்கும் நினைவில்லை. எல்லாரும் அதைக் கால் என்றுதான் நினைத்தோம். மரம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அம்மா போனபிறகு இரவில் அவிழ்க்க ஆளில்லாமல், படுக்கும்போதும் குளிக்கும்போதும் அதோடுதான் இருந்திருக்கிறேன்.

உடனே கழற்றச் சொல்லிச் சதீசன் நின்றான். இன்றைக்கு வேண்டாம் என்றேன். கழற்றினால் கிணற்றடிக்குப் போகவேண்டும், ஊன்றுகோல் இரவல் வாங்கவேண்டும், உன் சித்தி வந்து என்னைக் குளிப்பாட்டுவேன் என்று நிற்பாள். புண்ணுக்கு மருந்து கட்டினால் போகிறது.

சொதிக்குக் காரணம் இப்போது உனக்கும் தெரியும்.

அப்பா

---

ஜோர்தான்
25.07.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்தது. சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். அன்றே எழுதியிருப்பேன், முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

போன மாதம் தையல் ஊசி என் விரலில் ஏறியது. எனக்குத் தெரியவில்லை. கொலரில் சிவப்பைக் கண்டு பக்கத்திலிருந்தவள் கத்தினபோதுதான் பார்த்தேன். இங்கே வந்த இரண்டு வருசத்தில் எனக்கு முதுகு நொந்ததில்லை. வீட்டு நினைவு வந்தால் வந்தபடியே போய்விடும். மற்றவர்கள் அழுவார்கள், நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். எனக்கு மனத்தைரியம் கூட என்று அறையில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"இந்தக் கால் என்ன மரம்" என்கிற இடத்தை வாசித்தபோது என் கை கழுத்துக்குப் போயிற்று.

கட்டுநாயக்கா எயார்போட்டில் உள்ளே போகும்முன் அம்மா என் கழுத்தில் ஒரு கறுப்பு நூல் கட்டிவிட்டா. "கெட்ட கண் படாம இருக்க" என்றா. அதில் ஒரு மணி. சின்னது, மிளகளவுதான். நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக இருந்தது, நோகாலியின் நிறம். பிள்ளைக்கு நோகக்கூடாது என்று நினைத்திருக்கிறா.

மூன்று நாள் அதைக் கையால் பிடித்துக்கொண்டு திரிந்தேன். இன்று காலை நூல்வெட்டியால் வெட்டினேன். முதலில் விரல் நொந்தது, ஆறிப்போன அந்தப் பழைய இடம். பிறகு முதுகு. பிறகு அறையிலிருந்தவர்கள் டிவியை நிறுத்தினார்கள். நேபாளக்காரி என் தலையைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

இவ்வளவு நாளும் உங்களைக் குற்றம் சொன்னேன். என் கழுத்திலும் அதுதான் இருந்திருக்கிறது. கோபம் மட்டும் எப்படி வந்ததென்று யோசித்தேன். கோபம் நோவில் சேராது போல.

காலைக் கழற்றுங்கள் அப்பா. புண் பழுத்தால் முழங்காலுக்கு மேலே எடுத்துவிடுவார்கள். எனக்கு இனி நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

யசோ

---

ஆரையம்பதி
29.07.2025

அன்பு மகளுக்கு,

நீ அழுதாய் என்று வாசித்தேன். நல்லது என்று நினைத்தேன். நினைக்கத்தான் முடிந்தது.

கழற்றவில்லை. சதீசன் நாளுக்கு இரண்டுதரம் வருகிறான். வீட்டில் நாய் செத்துக் கிடக்கிற மாதிரி மணக்கிறது என்று நேற்றுச் சொன்னான். உன் சித்தி சாம்பிராணி போட்டுவிட்டுப் போகிறாள். கிணற்றடியும் ஊன்றுகோலும் நான் சொன்ன சாட்டு, உண்மைக் காரணம் வேறு. நீ மணிக் கதையை மறைக்காமல் எழுதினபடியால் நானும் எழுதுகிறேன்.

தொடையில் நாடா இருக்கிறது. அதில் இருப்பது அன்று காலை அவள் போட்ட முடிச்சு. வீட்டில் அவள் கைபட்டது எல்லாம் இப்போது வேறு யாருடையவோ கைபட்டுவிட்டது. சட்டி பானையைச் சித்தி இடம் மாற்றி வைத்துவிட்டாள். கட்டில் கயிற்றைச் சதீசன் வெட்டினான். இந்த முடிச்சு மட்டும் அவள் விட்ட இடத்தில் இருக்கிறது.

நீ வெட்டிவிட்டாய். உனக்குக் கை உறுதி. என்னால் இதை வெட்ட முடியாது.

அப்பா

---

ஜோர்தான்
01.08.2025

அப்பா,

வெட்டவேண்டாம். அவிழ்க்கலாம்.

அம்மா முடிச்சை இறுக்கின பிறகு, கடைசி நுனியை இடப்பக்கமாக ஒருதரம் சுற்றி அடியால் உள்ளே விடுவா. எல்லாரும் மேலே பிடித்து இழுப்பார்கள், அதுதான் இறுகும். தண்ணீர் பூசி ஊறவிடுங்கள். அடியில் நுனியைத் தேடி, வந்த வழியால் வெளியே தள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் காலத்தில் என் தலைநாடாவை நான் அப்படித்தான் களவாக அவிழ்ப்பேன்.

நாளைக்குப் படையல். அதற்கு முதல் செய்யுங்கள்.

யசோ

---

ஆரையம்பதி
03.08.2025

அன்பு மகள் யசோதினிக்கு,

நீ முதலில் கேட்கப்போவதை முதலில் சொல்கிறேன். முழங்கால் தப்பியது. நேற்றுப் பின்னேரம் சரீப் காக்கா தன் வானில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் சொல்லமுடியாது என்று டொக்டர் சொன்னார். புண் ஆறும்வரை ஒரு காலும் போடக்கூடாதாம், எந்த மரமாக இருந்தாலும். வாட்டில் இருந்துதான் எழுதுகிறேன். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறார். என்னைக் குறை சொன்ன உன் அம்மா இதைக் கேட்கவேண்டும்.

நேற்று விடிய எழும்பிக் கிணற்றடியில் போய் இருந்தேன். சதீசன் கத்தியோடு வந்தான். "அத மடக்கி வையிடா" என்றேன். நாடாவில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டேன். நீ சொன்னபடி அடியில் தேடினால் நுனி அங்கேதான் இருந்தது. தள்ளினேன். வரவில்லை. கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பவும் தள்ளினேன். சித்தி குசினியிலிருந்து, "படையலுக்கு நேரமாகுது, இன்னுமா?" என்று சத்தம் போட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நான் பார்க்காத நேரம், நாடா கையோடு வந்துவிட்டது.

அதில் முடிச்சு இருந்த இடம் மடிந்து மடிந்து சுருங்கிக் கிடக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டேன். சதீசன் காலை உருவி எடுத்தான். புண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பரவாயில்லையே என்றுகூட நினைத்தேன். பிறகு புண் எரியத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஆறு வருசத்துக்கு முதல் வெட்டி எடுத்த காலின் சின்னவிரல் குத்தியது. பிறகு, வழக்கம்போல ஆணியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து தெரிகிற முன்வாசல் சுவரில், அவள் என் காலைத் தொங்கவிடுகிற அந்த ஆணி வெறுமையாக இருந்தது.

என்னைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே இருத்தினார்கள். சித்தி பிட்டு, இறால், கத்தரிக்காய், அம்மாவுக்குப் பிடித்தது எல்லாம் படைத்தாள். சொதியும் வைத்திருந்தாள். வைக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கண் நனைந்ததா என்று நீ கேட்பாய். கிணற்றடியில் முகம் கழுவிய ஈரம் என்று சித்தி நினைத்துத் துவாய் எடுத்துத் தந்தாள். நானும் துடைத்தேன். திரும்பவும் நனைந்தது. இன்னொருதரம் துடைத்தேன். பிறகு அவள் துவாயை என் கையிலேயே விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

படையல் முடிந்ததும் சதீசன் ஆட்களோடு மரத்தைக் கொண்டுவந்து இறக்கினான். பலகை, கட்டை, பல் குச்சி. கடைசியாகக் கழுவித் துடைத்த என் காலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்.

"முறை முடிஞ்சிது அண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போகுமட்டும் மடியிலயாவது வச்சிருங்க. கை பட்டாலே போதும்" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படலை திறந்திருந்தது. அதனடியில் வெயில் மட்டும்தான் கிடந்தது.

"பிறகு பாப்பம்" என்றேன்.

"நோகுதா அண்ணே?"

"கால் இருந்தாத்தானேடா நோகுறதுக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சரீப் காக்கா சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார். நானும் சிரித்தேன்.

நாடா என் கைக்குள் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் சொன்னேன்: நோகுது மங்கை.